கடலுக்கடியிலிருந்து கட்டுப்பாடில்லாமல் மேலே வந்துவிட்டால் என்ன செய்வது?

தம்பி, இதை முழுவதும் படித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று இருக்க வேண்டாம். உங்கள் தோள்வலியும் விரல் மதமதப்பும் கடலுக்குள் போய்வந்த பிறகு வந்தவை. இப்போதே 108-ஐக் கூப்பிட்டு, ஆக்சிஜன் தொடர்ந்து கொடுக்கக்கூடிய மருத்துவமனைக்குப் போங்கள். பைக்கில் தனியாகப் போகாதீர்கள். கொடைக்கானல் பயணம் நாளைக்கு வேண்டாம். வண்டியில் படுத்தபடி மீதியைக் கூட வருபவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்காக, இந்தத் தம்பி எழுதிக் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறைப் பக்கத்து இளைஞர். நேற்றுக் காலை நண்பர்களோடு தரங்கம்பாடிக்குக் கிழக்கே ஃபைபர் படகில் போய், பத்துப் பாகம் தண்ணீரில், அதாவது சுமார் 18 மீட்டர் ஆழத்தில், ஸ்கூபா டைவ் செய்திருக்கிறார். கிட்டத்தட்ட முப்பது நிமிடம் ஆனபோது, 15 மீட்டரில், மிதப்பைக் கட்டுப்படுத்த அணியும் ஜாக்கெட்டுக்குள் சிலிண்டர் காற்றை விடும் இன்ஃப்ளேட்டர் பட்டன் அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டது. காற்று நிறைந்து, அரை நிமிடத்தில் மேலே வந்துவிட்டார். படகில் இருந்த ஒருவர், "5 மீட்டரில் மூன்று நிமிஷம் நின்னுட்டு வா, சரியாகிடும்" என்று சொல்ல, மறுபடி இறங்கி நின்றிருக்கிறார். சாயங்காலம் இடது தோளில் வலி. இன்று காலையிலிருந்து விரல்களில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. "சிலிண்டர் தூக்கியதால் வந்த பிடிப்பா? நாளைக்குக் கொடைக்கானல் போகலாமா? நேற்று நான் என்ன செய்திருக்க வேண்டும்?" என்பது அவர் கேள்வி.

பிடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நீங்களோ நானோ இல்லை. வேகமாக மேலே வந்த ஒருவருக்கு 24 மணி நேரத்துக்குள் புதிதாக எது தோன்றினாலும், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை டைவிங் பாதிப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் துறையில் எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி இது. நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு என் உடம்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்னால் நாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய படகு ஒன்றைப் பார்க்கும் வேலைக்கு இறங்கியிருந்தேன். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடைப் பட்டையான வெயிட் பெல்ட்டின் கொக்கி கழன்று விழுந்துவிட்டது. தக்கை மாதிரி மேலே வந்தேன். மூச்சு விட்டுக்கொண்டே வந்ததால் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி தோள் வலித்தது, தைலம் தேய்த்துப் படுத்தேன். காலையில் இரண்டு கால்களும் வேறு யாருடையவோ போல் கனத்தன. சிறுநீர் போகவில்லை. மருத்துவமனையில் "முதுகு பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னதால், அதற்குத்தான் ஊசி போட்டார்கள். மதியம் வந்த இன்னொரு டாக்டர், "நேத்து என்ன வேலை செஞ்சே?" என்று கேட்ட பிறகுதான் கடல் விஷயம் வெளியே வந்தது. ஒரு நாளில் பாதியை என் மௌனமே தின்றுவிட்டது. அழுத்தத்தைக் கூட்டி மெதுவாகக் குறைக்கும் அறைக்குள் வைத்துச் செய்யும் அழுத்த அறைச் சிகிச்சைக்குப் பிறகு நடந்துவிட்டேன். இடது பாதத்தில் ஒரு கை அகலத்துக்கு இன்றைக்கும் உணர்ச்சி இல்லை.

அன்றைக்கு உடம்புக்குள் என்ன நடந்தது என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன். அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

வேகமாக மேலே வரும்போது இரண்டு விதமான ஆபத்து உண்டு. ஒன்று நுரையீரலில் இருக்கும் காற்று. 15 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைவிட இரண்டரை மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த 6 லிட்டர் காற்று, மேலே வந்தால் 15 லிட்டர் ஆகிவிடும். அவ்வளவு இடம் நெஞ்சுக்குள் கிடையாது. மூச்சை அடக்கியிருந்தால் நுரையீரல் கிழியும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், 15 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரும்வரை காற்று கால் மடங்குதான் விரிகிறது. கடைசிப் பத்து மீட்டரில் இரட்டிப்பாகிறது. அதனால் "ஆழம் கம்மிதான்" என்ற ஆறுதலுக்கு அர்த்தமே இல்லை. சிலிண்டர் காற்றை இழுத்து மூச்சை அடக்கினால், ஒன்றேகால் மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்தாலே நுரையீரல் கிழியலாம்.

கிழிந்த இடத்திலிருந்து காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் போனால் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் வரும். கழுத்துப் பக்கம் ஏறினால் குரல் மாறும். தோலை அழுத்தினால் நறநறவென்று இருக்கும். இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வந்தது போலவே இருக்கும்: மயக்கம், வலிப்பு, ஒரு பக்கம் செயலிழப்பு, பேச்சுக் குழறல். இது பெரும்பாலும் மேலே வந்த பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். ஏணியில் ஏறும்போதே ஆள் சாய்ந்து விழுவது இதனால்தான்.

இரண்டாவது ஆபத்து நைட்ரஜன். ஆழத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்ந்திருக்கும். அது நுரையீரல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நம் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். வடிவாய்க்கால் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு தண்ணீரைத்தான் வயல் வடிக்க முடியும். அதற்கு மேல் வந்தால் வரப்பு உடையும். மெதுவாக ஏறினால் நைட்ரஜன் வடிந்துவிடும். சட்டென்று ஏறினால் இருந்த இடத்திலேயே குமிழியாகி, நரம்பையும் மூட்டையும் தண்டுவடத்தையும் பிடிக்கும். இதைத்தான் டிகம்ப்ரஷன் சிக்னெஸ் என்பார்கள். 1908-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் குழுவினர் ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக ஏறும் அட்டவணையை வெளியிட்டதும் இந்தக் கணக்கில்தான். இதன் அறிகுறிகள் ஆற அமர வரும். பாதிக்கு மேல் முதல் சில மணி நேரத்துக்குள், கிட்டத்தட்ட எல்லாமே 24 மணி நேரத்துக்குள். தோள், முழங்கை மூட்டு வலி, மதமதப்பு, தோலில் வலை போட்டது போல் நீலச் சிவப்புப் படை, இயல்பை மீறிய களைப்பு, தலைசுற்றல், சிறுநீர் வராமை, இடுப்பைச் சுற்றிப் பட்டை கட்டியது போல் வலி. இதில் எது இருந்தாலும் போதும். எல்லாம் சேர்ந்து வரவேண்டும் என்பதில்லை.

சரி, நேற்று என்ன செய்திருக்கலாம்?

காற்று நிறையத் தொடங்கிய கணத்தில் இன்ஃப்ளேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிவிட வேண்டும். அதே நேரத்தில் ஜாக்கெட்டின் வெளியேற்று வால்வைத் திறக்க வேண்டும். ஏறுவது நிற்கவில்லை என்றால் கைகால்களை விரித்து, உடம்பைக் கிடையாக்கி வேகத்தைக் குறைக்கலாம். இதெல்லாம் கைகூடாவிட்டாலும், ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை இழுக்கும் வாய்க்கருவி) வாயில் இருக்க "ஆ..." என்று சத்தம் போட்டுக்கொண்டே வாருங்கள். சத்தம் வந்தால் மூச்சு வெளியே போகிறது என்று அர்த்தம். நீங்கள் அப்படித்தான் வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் நெஞ்சைக் காப்பாற்றியிருக்கலாம்.

கூட டைவ் செய்தவர் உங்களைத் துரத்திக்கொண்டு மேலே வந்திருக்கக்கூடாது. அது அன்பினால் நடக்கும் தவறு. அப்படி வந்தால் படகில் இரண்டு நோயாளிகள் ஆகிவிடுவார்கள். அவர் தன் வேகத்தில், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருவதுதான் சரி.

மேலே வந்ததும் மிதப்பை உறுதி செய்யுங்கள். இன்ஃப்ளேட்டர் கோளாறு என்பதால் குழாய் கழற்றிய நிலையில் ஜாக்கெட்டை வாயால் ஊத வேண்டும். தேவைப்பட்டால் வெயிட்டை விட்டுவிடுங்கள். பின்பு படகுகளுக்குத் தெரிய விசில் ஊதுங்கள், கையில் இருக்கும் மிதவைக் குழாயைத் தூக்கிக் காட்டுங்கள். நம் கடற்கரையில் இதை லேசாக நினைக்கக்கூடாது. நாகப்பட்டினத்துக்கும் பழையாறுக்கும் நடுவே விசைப்படகுகளும் ஃபைபர் படகுகளும் ஓயாமல் போய்வருகின்றன. நினைக்காத இடத்தில் தலை தூக்குகிற ஆளை ஓட்டுபவர் பார்ப்பது கஷ்டம். படகை நோக்கி வேகமாக நீந்தாதீர்கள். படகு உங்களிடம் வரட்டும். சிலிண்டரையும் பெல்ட்டையும் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் தூக்க ஏறுங்கள். தசையை முறுக்கி வேலை செய்தால் குமிழி கூடும். நான்கு பேரில் ஒருவருக்கு இதயத்தின் இரண்டு மேல் அறைகளுக்கு நடுவே பிறவியிலேயே மூடாத சிறு துளை இருக்கும். பெரும்பாலோருக்கு அது தெரியாது. முக்கித் தம் கட்டும்போது குமிழி அந்த வழியாக மூளைப் பக்கம் தாவலாம்.

மறுபடி இறங்கியதைப் பற்றி உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சொன்னவரும் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது கூடவே கூடாது. 5 மீட்டரில் நிற்பது, குமிழி வராமல் இருக்க ஏறும் வழியில் செய்கிற காரியம். வந்த குமிழியைக் கரைக்க அங்கே இருக்கும் ஒன்றரை மடங்கு அழுத்தம் போதாது. நுரையீரலில் வடிகட்டப்பட்டு நிற்கும் குமிழி, மறுபடி அழுந்திச் சுருங்கும்போது அந்த வடிகட்டியைத் தாண்டி மூளைக்குப் போகவும் வாய்ப்புண்டு. எல்லாவற்றையும்விட, முதல் பத்து நிமிடத்தில்தான் மயக்கம் வரும் என்று சொன்னேன். அந்தப் பத்து நிமிடத்தை யாராவது தண்ணீருக்கடியில் கழிப்பார்களா? டாக்டரிடம் இந்த இரண்டாவது இறக்கத்தையும் விடாமல் சொல்லுங்கள்.

படகில் ஏறியபின் செய்ய வேண்டியதில் முதன்மையானது ஆக்சிஜன். அறிகுறி தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது. இல்லாவிட்டாலும், நேற்றைய உங்கள் ஏற்றம் மாதிரி இருந்தால் நான் கொடுத்துவிடுவேன். சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்தால் உள்ளே புதிய நைட்ரஜன் போவதில்லை. குமிழியில் இருப்பதும் வேகமாக வெளியேறும். பை வைத்த மாஸ்க், முகத்தோடு ஒட்டி, நிமிடத்துக்கு 15 லிட்டர். மூக்கில் சொருகும் சின்னக் குழாய் இதற்குப் போதாது. கணக்கைப் பாருங்கள். நம் ஊர் ஆக்சிஜன் கடைகளில் கிடைக்கும் பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். 15 லிட்டர் வீதம் 100 நிமிடம். கரைக்கு வந்து ஆம்புலன்ஸ் ஏறும்வரை ஒரு ஆளுக்குத் தாங்கும். அதை வாடகைக்கு எடுத்துப் படகில் கட்டி வைக்க ஆகும் செலவு, ஒரு ஆளின் டைவ் கட்டணத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நேற்று உங்கள் படகில் அது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிஜன் இல்லாத படகில் ஏறாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாதிக்கப்பட்டவரை மல்லாந்து சமமாகப் படுக்க வைக்கவும். மயங்கி, மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். தலையைத் தாழ்த்திக் காலைத் தூக்குவது பழைய வழக்கம். இப்போது அதைச் செய்வதில்லை. மூச்சு இல்லை என்றால் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் உடனே. நல்ல நினைவோடு, வாந்தியில்லாமல் இருப்பவருக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மது கூடாது. வெந்நீர்க் குளியல், உடம்பு பிடித்துவிடுதல், தைலத் தேய்ப்பு எதுவும் வேண்டாம். நெஞ்சுவலியை வாயு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. கடலிலிருந்து வந்த ஆளிடம் அதைச் செய்துவிடாதீர்கள். கரைக்கு வரவே வழியில்லாத தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணைக் கூப்பிடலாம்.

அப்புறம், ஒரு துண்டுக் காகிதம். இறங்கிய நேரம், அதிகபட்ச ஆழம், எவ்வளவு நிமிடம், எங்கிருந்து எத்தனை நொடியில் மேலே வந்தார், எந்த அறிகுறி எத்தனை மணிக்கு, ஆக்சிஜன் எப்போது தொடங்கியது. அறிகுறி இல்லாதவரையும் மணிக்கு ஒருமுறை சோதித்து எழுதுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? குதிகாலை முன்விரலோடு ஒட்டி ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் தொட்டால் ஒரே மாதிரி தெரிகிறதா? சிறுநீர் போனதா? இது கூச்சப்படுகிற கேள்விதான், ஆனாலும் கேளுங்கள். என்னிடம் யாராவது அதைக் கேட்டிருந்தால் அன்று ராத்திரியே மருத்துவமனைக்குப் போயிருப்பேன்.

இனி மருத்துவமனை. டெல்டாவில் நெல் வயலில் மருந்து அடித்து மயங்கியவரையும் பாம்பு கடித்தவரையும் காப்பாற்றிக் கைதேர்ந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்கூபா நோயாளி அவர்களிடம் தினமும் வருவதில்லை. அதனால் வாசலில் நுழைந்ததும் முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "நேத்து காலையில கடலுக்குள்ள 18 மீட்டர் ஆழத்துல, சிலிண்டர் காத்து சுவாசிச்சேன். 15 மீட்டர்ல இருந்து அரை நிமிஷத்துல மேல வந்துட்டேன். இப்ப தோள் வலி, விரல் மரத்துப்போகுது. டிகம்ப்ரஷன் சிக்னெஸா இருக்குமோன்னு சந்தேகம்." அந்தப் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரையும் கையோடு கொண்டு போங்கள், ஏற்ற வேகம் அதில் பதிவாகியிருக்கும். கழுவாத இன்ஃப்ளேட்டரை நண்பரிடம் கொடுத்து வையுங்கள். பிறகு பழுது பார்ப்பவருக்கு அது வேண்டும்.

அவர்கள் ஆக்சிஜன் கொடுத்து, நரம்புச் சோதனை செய்து, நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். எக்ஸ்ரே முக்கியம். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்திருந்தால் அதைக் கவனிக்காமல் அழுத்த அறைக்குள் அனுப்பினால், வெளியே கொண்டுவரும்போது அது விரிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆக்சிஜனில் வலி மறைந்துவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். மறைந்த வலி சில மணி நேரத்தில் இன்னும் மோசமாகத் திரும்புவது உண்டு. டைவிங் மருத்துவம் தெரிந்தவரோடு போனில் பேசும்படி டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். டைவர்களுக்கென்றே இயங்கும் டான் (DAN) அமைப்பின் அவசரத் தொலைபேசியில், உறுப்பினர் அல்லாதவருக்கும் ஆலோசனை சொல்வார்கள்.

அழுத்த அறை என்றதும் பயப்பட வேண்டாம். வழக்கமாகக் கையாளும் அமெரிக்கக் கடற்படை அட்டவணை 6-இன்படி, 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி, தூய ஆக்சிஜனோடு, நடுநடுவே இடைவெளி விட்டு, ஏறத்தாழ 4 மணி 45 நிமிடம் ஆகும். நீங்கள் நேற்று இறங்கிய அதே பத்துப் பாகம்தான். இந்த முறை டாக்டர் கூட இருந்து மெதுவாக ஏற்றுவார். அழகு நிலையங்களில் வைத்திருக்கும் துணிக்கூண்டு போன்ற அறைகளில் இந்த அழுத்தம் வராது, அங்கே போகாதீர்கள். ஒரு நாள் தாமதமாகிவிட்டதே என்று கலங்கவும் வேண்டாம். சீக்கிரம் போவது நல்லது, ஆனால் நாள் கடந்து போனவர்களும் குணமாகியிருக்கிறார்கள்.

இங்கிருந்து சென்னைக்குப் போகச் சொன்னாலும் கடற்கரைச் சாலை முழுவதும் சமதளம் என்பது நமக்கு நல்லது. ஆறேழு மணி நேரம் 15 லிட்டர் வீதம் ஓடினால் 6,300 லிட்டர் வரை வேண்டும்; ஆம்புலன்ஸில் 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள். மலை விஷயம் வேறு. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. உடம்பில் இருக்கும் குமிழி அங்கே இன்னும் விரியும். பாதிப்பே இல்லாதவர்களுக்குக்கூட விமானம் ஏற ஒரு டைவுக்குப் பிறகு 12 மணி நேரம், பல டைவுகளுக்குப் பிறகு 18 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அறிகுறி உள்ளவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டர் சொல்லும்வரை மலையும் விமானமும் கிடையாது.

உங்களோடு வந்த நண்பர்களில் ஒருவரும் உங்கள் பின்னாலேயே வேகமாக ஏறினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இதுவரை ஒன்றும் இல்லை என்றால், குறைந்தது 24 மணி நேரம் தண்ணீரில் இறங்காமல் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. நான் 48 மணி நேரம் என்பேன். இன்று ராத்திரி அவர் தனி அறையில் படுக்கவேண்டாம். கொடைக்கானலுக்கு அவரும் வேண்டாம். உங்களுக்குச் சிகிச்சை நடந்தால், மறுபடி டைவ் செய்வதை டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டர் முடிவு செய்யட்டும். வாரங்கள் ஆகலாம், பொறுங்கள்.

பூம்புகாருக்கு வெளியே 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவக் கட்டுமானம் ஒன்றை தேசியக் கடலியல் நிறுவனத்தினர் 1990-களில் கண்டறிந்ததிலிருந்து, அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு உண்டு. எனக்கும் அந்த ஆசையில்தான் இந்தத் தொழில் தொடங்கியது. ஆனால் இந்தக் கடல் அந்தமான் மாதிரி தெளிந்த கடல் இல்லை. ஆற்று வண்டலும் மழைக்காலக் கலங்கலும் சேர்ந்தால் நீட்டிய கை தெரியாது. மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பதே தெரியாத தண்ணீரில், நங்கூரக் கயிற்றைப் பிடித்து கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். அந்த வண்டல்தான் இன்ஃப்ளேட்டர் பட்டனுக்குள்ளும் போய் உப்போடு சேர்ந்து இறுகுகிறது. ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பட்டனைப் பலமுறை அழுத்திப் பார்த்துக் கழுவ வேண்டும். இறங்கும் முன் படகில் ஒருமுறை, குழாயைக் கண்ணை மூடிக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் அடுத்த முறைக்கு. இப்போது வண்டி வந்துவிட்டதா? டாக்டருக்கு என்னோடு பேச வேண்டும் என்று தோன்றினால், எந்த நேரமானாலும் எனக்கு எழுதுங்கள். விரலில் தொடங்கிய மதமதப்பு மணிக்கட்டைத் தாண்டியிருக்கிறதா, கால் வரை வந்திருக்கிறதா என்பதை மட்டும் முதலில் எழுதுங்கள்.